கதவைத் திறந்து வைத்த தாதி

பின்வரும் வாசிப்புப் பகுதியை வாசித்திடுக. இறுதியில் உள்ள வினாக்களைக் குழுவில் கலந்துரையாடுக.

ஈயம் வளர்த்த ஊர்கள்

ஈப்போவிலிருந்து தெற்கு நோக்கிப் பழைய சாலைகள் இரண்டு பிரிகின்றன. ஒன்று கோப்பெங் வழியாகக் கம்பாருக்குச் செல்கிறது. மற்றொன்று லாஹாட்டைக் கடந்து பாப்பான், பூசிங் ஆகிய ஊர்களை அடைகிறது. கோப்பெங் இன்று கம்பார் மாவட்டத்தில் உள்ளது. ஆனால், போருக்கு முந்தைய காலத்தில் இவ்வூர்கள் அனைத்தும் கிந்தா மாவட்டம் என்னும் ஒரே பெயரின்கீழ் இருந்தன. ஈயம்தான் இவற்றை வளர்த்தது. சீனர்கள் சுரங்கங்களில் உழைத்தனர். தமிழர்கள் அருகிலிருந்த தோட்டங்களில் பால்மரம் சீவினர். சுமத்ராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்களும் உள்ளூர் மலாய்க்காரர்களும் தத்தம் கம்பங்களை அமைத்துக்கொண்டனர்.

பாப்பான் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பலகை என்பது பொருள். ஒரு காலத்தில் மரத்துக்கும் ஈயத்துக்கும் பெயர்பெற்ற செல்வச் செழிப்பான ஊர் அது. மண்டைலிங் தலைவரான ராஜா பிலா 1896-ஆம் ஆண்டில் கட்டிய பெரிய வீடு இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால், முதன்மைச் சாலையில் உள்ள கடைவீடுகள் பலவற்றில் இப்போது ஆள் இல்லை. கூரை சரிந்த சுவர்களில் மரவேர்கள் படர்ந்துள்ளன.

அந்தச் சாலையின் 74-ஆம் எண் வீடு நினைவிடமாகக் காக்கப்படுகிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவ்வீட்டில் ஒரு தாதி வாழ்ந்தார். அவர் பெயர் சிபில் கார்த்திகேசு. நாட்டிற்காகத் துன்பம் ஏற்ற வீராங்கனை என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. அந்த வீரம் போர்க்களத்தில் பிறந்ததன்று. நோயாளியின் கட்டிலருகே பல ஆண்டுகள் பழகிய கடமையிலிருந்து பிறந்தது. அக்கடமை எத்தகையது என்பதை அறிந்தால்தான் அவரது துணிவின் பொருளும் நமக்கு விளங்கும்.

பல வேர்கள், ஒரு வாழ்வு

சிபில், 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் நினைவாக அவருக்குச் சிபில் மேடான் டேலி என்று பெயரிடப்பட்டது. தந்தை அயர்லாந்து வழிவந்த யுரேசியர். தோட்ட நிருவாகத்தில் ஈடுபட்டிருந்தவர். தாய் பிரெஞ்சு வழிவந்த யுரேசியர்; மருத்துவச்சி. மகப்பேறு பார்க்கும் தொழில் சிபிலுக்குத் தாய்வழி வந்த தொழில் எனலாம். அவர் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார்.

1919-ஆம் ஆண்டு சனவரியில், கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. மணமகன் தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழரான மருத்துவர். ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்னும் இயற்பெயர் கொண்ட அவர், கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய பின் அப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு என்று அறியப்பட்டார். இவ்வாறு ஒரு யுரேசியப் பெண் தமிழ்ப் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார்.

இத்தம்பதியரின் முதல் குழந்தை மைக்கேல், பிறந்த ஒரு நாளுக்குள்ளேயே இறந்துபோனது. பிறர் வீட்டுக் குழந்தைகளை உலகிற்குக் கொண்டுவரும் கைகளுக்குத் தம் முதல் குழந்தையைக் காக்க முடியாமற்போனது. அதன்பின் அவர்கள் வில்லியம் என்னும் ஆண்குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தனர். 1921-இல் ஓல்காவும், 1936-இல் டோனும் பிறந்தனர்.

பிரூஸ்டர் சாலை மருந்தகம்

1926-ஆம் ஆண்டு, கார்த்திகேசு தம்பதியர் ஈப்போவின் பிரூஸ்டர் சாலையில் 141-ஆம் எண் கட்டடத்தில் மருந்தகம் ஒன்றைத் திறந்தனர். அச்சாலை இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று பெயர் மாறியுள்ளது. கணவர் நோய் பார்த்தார்; மனைவி தாதியாகவும் மருத்துவச்சியாகவும் துணை நின்றார். பதினைந்து ஆண்டுகள் அம்மருந்தகம் இயங்கியது.

கிந்தாவின் சீனர்களிடையே பரவலாக வழங்கிய கண்டோனியத்தைச் சிபில் சரளமாகப் பேசினார். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணிடம் அவளது தாய்மொழியில் ஆறுதல் சொல்வதற்கும், சைகையால் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். நோயாளியின் மொழியைப் பேசும் தாதியை மக்கள் வெளியாளாகக் கருதுவதில்லை. பிற்காலத்தில் பாப்பான் மக்கள் சிபிலை நம்பித் தம் உயிரையே ஒப்படைத்ததற்கு இம்மொழியறிவும் ஒரு காரணமாகும்.

தாதியின் தொழிலுக்கென்று எழுதப்படாத இரண்டு நெறிகள் உண்டு. முதலாவது, வந்தவர் யார் என்று பாராமல் வந்த நோயைப் பார்ப்பது. இரண்டாவது, நோயாளியிடம் அறிந்ததை வெளியே சொல்லாமல் காப்பது. மருத்துவச்சிக்குப் பல குடும்பங்களின் அந்தரங்கம் தெரியும். அவர் வாய் திறந்தால் ஊர் அவரை நம்பாது. ஊர் நம்பாவிட்டால் அடுத்த பிரசவத்திற்கு யாரும் அழைக்கமாட்டார்கள். அமைதிக் காலத்தில் இவ்விரு நெறிகளையும் கடைப்பிடிப்பது எளிது. போர்க்காலத்தில் அவற்றின் விலை என்ன என்பதைச் சிபிலின் வாழ்க்கை காட்டுகிறது.

போர் வந்தது

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அடுத்த சில நாள்களில் ஈப்போவின்மீது குண்டுகள் விழுந்தன. மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சிற்றூர்களுக்கு ஓடினர். கார்த்திகேசு குடும்பமும் பாப்பானுக்குக் குடிபெயர்ந்தது. டிசம்பர் மாத இறுதியில் ஈப்போ வீழ்ந்தது. பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் கோப்பெங் சாலையில் எதிரியைச் சற்றுத் தாமதப்படுத்திவிட்டு, கம்பாரில் நின்று போரிட்டனர். அப்போர் டிசம்பர் 30 முதல் சனவரி 2 வரை நீடித்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் சரணடைந்தது. மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமானது.

அதன்பின் வந்த மூன்றரை ஆண்டுகளை நம் முன்னோர் எளிதில் மறக்கவில்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே உணவானது. வாழைமரப் படம் அச்சிட்ட பத்து வெள்ளித் தாள் புழக்கத்திற்கு வந்து, நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் நோயும் பசியும் பலரைக் கொன்றன. சீனர்கள் ஐயத்திற்குரியவர்களாகக் கருதப்பட்டு வேட்டையாடப்பட்டனர். கெம்பித்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீசாரின் பெயரைக் கேட்டாலே ஊர் அடங்கியது.

இந்நிலையில் மருத்துவம் முன்னைவிட இன்றியமையாததாயிற்று. அதே வேளையில் மருந்து கிடைப்பது அரிதாயிற்று. பாப்பான் வீட்டின் முன்கூடம் மருந்தகமாக மாறியது. மலேரியாவாலும் சத்துக்குறைவாலும் ஆறாப் புண்களாலும் மக்கள் அவதியுற்ற காலம் அது.

பின்வாசல்

பாப்பானைச் சுற்றியுள்ள மலைக்காடுகளில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்பு இராணுவம் இயங்கியது. அதன் ஐந்தாவது படைப்பிரிவு பேராக்கில் செயல்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சீன இளைஞர்கள். காட்டு வாழ்க்கையில் எதிரியின் துப்பாக்கிக் குண்டைவிட நோய்தான் அவர்களை அதிகம் வாட்டியது. காயம்பட்டவன் அரசு மருத்துவமனைக்குச் சென்றால், கட்டிலிலிருந்தே கைது செய்யப்படுவான்.

ஆகவே, அவர்கள் இரவில் பாப்பான் வீட்டிற்கு வந்தனர். வீட்டின் பின்புறம் காய்கறித் தோட்டம் இருந்தது. பகலில் முன்வாசல் வழியாக ஊர்மக்கள் வந்தனர். இருட்டிய பின் பின்வாசல் வழியாகக் காட்டிலிருந்தவர்கள் வந்தனர். சிபிலும் மருத்துவர் கார்த்திகேசுவும் அவர்களுக்குச் சிகிச்சை அளித்தனர், மருந்து கொடுத்தனர், தாம் அறிந்த தகவல்களையும் பகிர்ந்தனர்.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படையினர் பொதுவுடைமைக் கொள்கையைச் சார்ந்தவர்கள். சிபிலோ ஆழ்ந்த பற்றுள்ள கத்தோலிக்கர். அவர்களது அரசியல் அவருடையதன்று. போருக்குப் பின் அக்கட்சி ஆயுதமேந்தியதும், 1948-இல் நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் வேறு வரலாறு. 1942-ஆம் ஆண்டு பாப்பானின் பின்வாசலில் நின்றவன் ஒரு கட்சியின் பிரதிநிதியாக வரவில்லை. சீழ் பிடித்த காலோடு வந்தான். தாதி அந்தக் காலைப் பார்த்தார்.

ஆனால், இச்செயலின் ஆபத்து அவர் ஒருவரோடு முடிவதன்று. பின்வாசல் திறப்பதை அண்டை வீட்டார் அறிந்திருக்கக் கூடும். ஒருவர் சொன்னாலும் ஊரே தண்டிக்கப்படும். உதவுவதா, ஊரைக் காப்பதற்காக மறுப்பதா என்னும் வினா ஒவ்வோர் இரவும் அவ்வீட்டின் கதவைத் தட்டியது. சிபில் கதவைத் திறக்கவே முடிவு செய்தார். இம்முடிவை எடுத்தபோது அவருக்கு மூன்று பிள்ளைகள் இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது.

செய்தியும் ஒரு மருந்து

அக்காலத்தில் சிற்றலை வானொலி வைத்திருப்பது கடுங்குற்றம். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டவர் உயிரிழக்கவும் நேரலாம். ஜப்பானியர் அனுமதித்த செய்தித்தாள்களில் அவர்களது வெற்றி மட்டுமே இடம்பெற்றது. அதை மட்டும் படிப்பவர், போர் முடிந்துவிட்டது, இனி இதுவே வாழ்க்கை என்று மனம் ஒடிந்துபோவார்.

சிபிலின் குடும்பத்தார் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்துப் பிபிசி செய்திகளைக் கேட்டனர். மாடிப்படிக்குக் கீழே ஒரு குழி தோண்டி அதைப் பதுக்கினர். நினைவிடமாகியுள்ள அவ்வீட்டில் அந்தக் குழியை இன்றும் காணலாம். 1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டாலின்கிராட்டில் ஜெர்மானியப் படை சரணடைந்தது. பசிபிக்கில் குவாடல்கனால் தீவிலிருந்து ஜப்பானியர் பின்வாங்கினர். இத்தகைய செய்திகளை உலகம் அறிந்தபோது, அடக்கப்பட்ட மலாயாவில் அவற்றை அறிய மறைவான வானொலி ஒன்றே வழி. கேட்டதை அவர்கள் நம்பிக்கைக்குரியவர்களிடம் கூறினர். செய்தி வாய்வழியாகப் பரவியது.

காய்ச்சலுக்கு மருந்து தருபவர், நம்பிக்கையிழந்த ஊருக்குச் செய்தி தந்தார். இரண்டையும் அவர் வெவ்வேறு பணிகளாகக் கருதவில்லை.

பெயர்களைக் கேட்டவர்கள்

1943-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரகசியம் வெளிப்பட்டது. கணவரும் மகன் வில்லியமும் கைது செய்யப்பட்டனர். பின்னர்ச் சிபிலும் பிடிபட்டார். ஈப்போவில் கெம்பித்தாய் அதிகாரி எக்கியோ யோஷிமுரா அவரை விசாரித்தான்.

விசாரித்தவர்களுக்கு வேண்டியவை பெயர்கள். வந்தவர்கள் யார்? எங்கிருந்து வந்தனர்? அழைத்து வந்தவர் யார்? செய்தியைக் கேட்டவர் யார்? சிபில் ஒரு பெயர் சொன்னால் அந்த வீட்டிலிருந்து இன்னும் பத்துப் பெயர்கள் வரும். பத்துப் பெயர்களும் பத்துக் குடும்பங்கள். இதை அவர் நன்கு அறிந்திருந்தார். நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்னும் பழைய தொழில்நெறி, இப்போது ஓர் ஊரின் உயிரைக் காக்கும் பூட்டாக மாறியது.

அவர் அடிக்கப்பட்டார். நாள்கணக்கில் கொடுமைப்படுத்தப்பட்டார். தாடையில் உதை விழுந்தது. முதுகெலும்பு சிதைந்தது. அவர் பேசவில்லை.

பின்னர், இளைய மகள் டோனைக் கொண்டுவந்தனர். அப்போது அவள் மிகச் சிறியவள். தாயின் கண்முன்னே அச்சிறுமியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டினர். எந்தத் தாயும் அந்நிலையில் மனம் உடைவாள். பேசினால் மகள் பிழைப்பாள். ஆனால், பிறர் பெற்ற பிள்ளைகள் மடிவார்கள். சிபில் அப்போதும் பெயர்களைச் சொல்லவில்லை. டோன் உயிர்தப்பினாள்.

இந்நிகழ்ச்சியை வாசிக்கும்போது நம்முள் ஒரு கேள்வி எழுகிறது. பெற்ற மகளைப் பணயம் வைப்பது சரியா? இதற்கு எளிய விடை இல்லை. அவரைப் புகழ்வதற்காக இக்கேள்வியை மூடி மறைப்பதும் முறையன்று. அவர் அன்று தம் மகளை நேசிக்காதவராக இருந்திருந்தால் அந்த மௌனத்திற்கு மதிப்பே இல்லை. நேசித்தார், ஆயினும், பிறர் பிள்ளையும் பிள்ளையே என்பதை அந்நேரத்திலும் அவர் மறக்கவில்லை.

சிறையும் விடுதலையும்

சிபில் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார். பிறகு நடந்த விசாரணையில் அவர்மீது மூன்று குற்றங்கள் சாட்டப்பட்டன. எதிரிக்காக ஒற்று வேலை பார்த்தது ஒன்று. காட்டிலிருந்த போராளிகளுக்கு மருத்துவ உதவி அளித்தது மற்றொன்று. வானொலி வைத்திருந்து செய்தி கேட்டுப் பரப்பியது மூன்றாவது. அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கணவரும் மகனும் சிறைத் தண்டனை பெற்றனர்.

நோயாளிக்கு மருந்திட்டது குற்றமாக எழுதப்பட்ட அந்தக் குற்றப்பத்திரிகையே, வேறு வகையில் பார்த்தால், அவரது சேவைக்குக் கிடைத்த சான்றிதழாகும்.

இதே காலத்தில் சிங்கப்பூரிலும் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. சபாவில் பிறந்த ஆசிரியையான எலிசபெத் சோய், கணவரோடு ஒரு மருத்துவமனையில் சிற்றுண்டிச்சாலை நடத்தி வந்தார். சாங்கியில் அடைபட்டிருந்தவர்களுக்கு மருந்தும் கடிதங்களும் வானொலி உதிரிப்பாகங்களும் கிடைக்க உதவினார். 1943-இல் கெம்பித்தாயால் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ 200 நாள்கள் கொடுமை அனுபவித்தார். ஒருவர் தாதி, மற்றவர் ஆசிரியை. இருவரும் துப்பாக்கி ஏந்தவில்லை. மக்களுக்குப் பணிசெய்யும் அன்றாட வேலையைத் தொடர்ந்து செய்ததே அவர்களது போராட்டமாக அமைந்தது.

1945 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. சிபில் விடுதலை பெற்றார். ஆனால், சிறையிலிருந்து நடந்து வெளியேறும் நிலையில் அவர் இல்லை. சிகிச்சைக்காக அவரை விமானம் மூலம் பிரிட்டனுக்கு அனுப்பினர். போருக்குப் பின் ஈப்போவில் நடைபெற்ற போர்க்குற்ற விசாரணையில் யோஷிமுராவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

பிரிட்டனில் சிகிச்சை பெற்றுக்கொண்டே சிபில் தம் அனுபவங்களை எழுதத் தொடங்கினார். 1947-ஆம் ஆண்டு பக்கிங்காம் அரண்மனையில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அணிவித்தார். 1940-இல் தோற்றுவிக்கப்பட்ட அப்பதக்கம், பெரும்பாலும் போர்க்களத்திற்கு வெளியே காட்டப்படும் துணிவுக்காகப் பொதுமக்களுக்கு வழங்கப்படுவதாகும். வீரத்திற்காக அதைப் பெற்ற ஒரே மலாயாப் பெண்மணி என்று அவர் போற்றப்படுகிறார்.

தாடையில் பட்ட பழைய காயம் அவரை விடவில்லை. அதனால் ஏற்பட்ட நச்சுத்தன்மை இரத்தத்தில் கலந்தது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் தமது 48-ஆம் வயதில் அவர் காலமானார். ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாம் மருந்தகம் நடத்திய அதே பிரூஸ்டர் சாலையை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் மீண்டும் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

நினைவு கூர்தல்

அவரது நினைவுக் குறிப்புகள் ‘நோ டிராம் ஆப் மெர்சி’ என்னும் ஆங்கில நூலாக 1954-இல் வெளிவந்தன. அவர் அதனை அச்சில் பார்க்கவில்லை. நூலின் தலைப்பு சேக்சுபியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் வரும் ஒரு தொடரை நினைவூட்டுகிறது. துளியும் இரக்கமின்மை என்பது அதன் கருத்து. ஈப்போ ஃபேர் பார்க் பகுதியில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், அவரது பிறந்தநாளன்று, கூகிள் நிறுவனம் தன் முகப்பில் அவர் படத்தை வெளியிட்டுச் சிறப்பித்தது.

ஆயினும், சாலைப் பெயரும் படமும் மட்டும் ஒருவரை நினைவில் நிறுத்திவிடுவதில்லை. சாலையின் பெயரை நாள்தோறும் உச்சரிப்பவர்களுக்கே அப்பெயருக்குரியவர் யார் என்று தெரியாமற்போவது உண்டு. ஒருவர் எதற்காக வாழ்ந்தார் என்பதைப் புரிந்துகொள்வதே உண்மையான நினைவு கூர்தலாகும்.

சிபிலின் சமூகம் எது என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை கூற இயலாது. பிறப்பால் யுரேசியர், மணத்தால் தமிழ்க் குடும்பத்தின் மருமகள், சமயத்தால் கத்தோலிக்கர், பேச்சால் கண்டோனியம் அறிந்தவர், பிறந்த மண் சுமத்ரா, உறங்கும் மண் பேராக். இவற்றுள் எதையும் அவர் எல்லையாகக் கொள்ளவில்லை. தம் கதவைத் தட்டியவர் எவரோ அவரே தம் சமூகத்தார் என்று வாழ்ந்தார். பல இனத்தார் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நம் நாட்டில், சமூகம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

அவரது துணிவு ஒரே நாளில் தோன்றியதன்று என்பதையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பதினைந்து ஆண்டுகள் ஈப்போ மருந்தகத்தில், வந்தவரைப் பாகுபாடின்றிக் கவனித்தார். அறிந்ததை அடக்கமாகக் காத்தார். அப்பழக்கமே கெம்பித்தாயின் அறையில் அவருக்குத் துணை நின்றது. பெரிய சோதனை வரும்போது மனிதர் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. அதுவரை பழகியதையே செய்கின்றனர்.

இன்று நம் வட்டார மருந்தகங்களில் இரவுப் பணி பார்க்கும் தாதியர், வெள்ளத்தின்போது நிவாரண மையங்களில் சமைக்கும் தாய்மார், தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லித் தரும் இளையோர் ஆகியோரை நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்கள் செய்வது சிறிய வேலையாகத் தோன்றலாம். பாப்பான் வீட்டின் பின்வாசலைத் திறந்ததும் சிறிய வேலைதான். ஒரு தாழ்ப்பாளை நீக்க ஒரு கணம் போதும். அந்தக் கணத்தில் யாருக்காக நீக்குகிறோம் என்பதில்தான் சேவையின் பெருமை அடங்கியிருக்கிறது.

கருத்துணர் வினாக்கள்

1. சிபில் கார்த்திகேசுவின் குடும்பம் ஈப்போவிலிருந்து பாப்பானுக்குக் குடிபெயர்ந்ததற்கான காரணம் யாது?

2. தாதியின் தொழிலுக்குரிய இரண்டு நெறிகளாகக் கட்டுரை எவற்றைக் குறிப்பிடுகிறது? அவை போர்க்காலத்தில் எவ்வாறு சோதிக்கப்பட்டன?

3. ‘காய்ச்சலுக்கு மருந்து தருபவர், நம்பிக்கையிழந்த ஊருக்குச் செய்தி தந்தார்’ என்னும் வாக்கியத்தின் கருத்தைச் சொந்த நடையில் விளக்குக.

4. சிபில் கார்த்திகேசு, எலிசபெத் சோய் ஆகியோரிடையே உள்ள ஒற்றுமைகள் மூன்றனைப் பட்டியலிடுக.

5. மகள் டோன் மிரட்டப்பட்டபோது சிபில் எடுத்த முடிவைப் பற்றி உமது கருத்து யாது? ஏற்போரும் மறுப்போரும் கூறக்கூடிய காரணங்களை எழுதுக.

6. உமது வட்டாரத்தில் பொதுச்சேவையில் ஈடுபட்டு வாழ்ந்த அல்லது வாழும் ஒரு பெண்மணியை நேர்காணல் செய்து, அவரது பணி மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதை 180 சொற்களில் கட்டுரையாக எழுதுக.